நிற்கத் தெரியாத லூப்

இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது சக்குபள்ளம். இந்தப் பக்கத்துப் பிழைப்பின் முக்கியமான கண்ணிகள் பலவும் இப்போது செல்பேசிக்குள் வந்துவிட்டன. ஏலக்காய் விலை பக்கத்திலுள்ள புத்தடி ஸ்பைசஸ் பார்க்கிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்-ஏலத்தில் முடிவாகிறது. 2019 ஆகஸ்டில் அந்த விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது; இரண்டு ஆண்டுக்குள் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. இவ்வளவு ஏறி இறங்கும் சரக்கை வைத்திருப்பவர் விலையைப் பார்க்கச் செல்பேசியைத்தான் எடுக்கிறார்.

கூலிக்கும் இதே நிலைதான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்கான என்எம்எம்எஸ் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2022 மே 16 முதலும், ஏறத்தாழ எல்லா இடங்களுக்கும் 2023 ஜனவரி 1 முதலும் அது கட்டாயமானது. வேலையிடத்து மேற்பார்வையாளரான மேட் ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடக்குறிப்போடு படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று விதித்தார்கள். படம் ஏறாவிட்டால், உழைத்தவர் தன் நாளைக் கணக்கில் சேர்க்க அலைய வேண்டும். அந்தச் செயலியின் உள்நிரல் எப்படி எழுதப்பட்டது என்பது இங்கே பேச்சல்ல. ஒரு நாள் கூலி ஒரு செல்பேசியின் உள்வேலையைச் சார்ந்து நிற்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு மட்டுமே இந்த எடுத்துக்காட்டு.

மலைக்காட்டுக்கான செயலிகள் எழுதப்படுவது நகரத்தில். எழுதுபவரின் மேசையில் வைஃபை அறுவதில்லை, அவர் கையிலுள்ள செல்பேசியில் நினைவகத்துக்குப் பஞ்சமில்லை, சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மேட்டின் கையில் இருப்பது விலை குறைந்த செல்பேசி. சிக்னல் ஒரு சரிவில் வரும், அடுத்த சரிவில் போகும். செயலி காலை முதல் மாலை வரை திறந்தே கிடக்கும். இந்த இரண்டு சூழலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழை வளர்கிறது: முடிவு எழுதப்படாத, காத்திருந்தபடியே சுற்றும் லூப்.

நேர்கோடுபோல் தெரியும் சுற்று

இணையத்திலிருந்து ஒரு தகவல் வரச் சில நொடி ஆகும். அதுவரை திரை உறைந்து நிற்கக் கூடாது. அதனால் செல்பேசி நிரலில் காத்திருக்கும் வேலைகளைத் தனியே ஓடவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப்படும் கோட்லின் மொழியில் இதற்கான கோரூட்டின்கள் 2018-இல் 1.3 பதிப்போடு நிலைபெற்றன. ஐஃபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்டில் 'அசிங்க்', 'அவெயிட்' 2021-இல் 5.5 பதிப்போடு வந்தன. ஃப்ளட்டர் செயலிகள் எழுதப்படும் டார்ட் மொழியில் அவை அதற்கும் முன்பே உண்டு. மூன்றிலும் கிடைத்த வசதி ஒன்றே. முன்பு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எழுத வேண்டியிருந்ததை இப்போது மேலிருந்து கீழாக, சாதாரண நிரல்போலவே எழுதலாம்.

ஆபத்தும் அந்த வசதிக்குள்தான் இருக்கிறது. 'அவெயிட்' என்ற ஒரு சொல் இரண்டு நொடி காத்திருக்கலாம், இரண்டு நாளும் காத்திருக்கலாம். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். பறித்த ஏலக்காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்துகிறார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், நிறம் போனால் விலை போகும். அதனால் ஸ்டோருக்குள் ஒரு வெப்ப உணரி. சார்ஜரில் போட்டபடி ஒரு செல்பேசி. ஐந்து நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் கேட்டுத் திரையில் காட்டும் ஒரு லூப். ஒரு நாளைக்கு அது 17,280 முறை சுற்றும்.

திரையை மூடியதும் லூப் நின்றுவிடும் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். அது நிற்பதில்லை. திரை கண்ணிலிருந்து மறைகிறது. லூப் அந்தத் திரையின் தரவுகளைப் பிடித்தபடி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுபடி திறந்தால் இரண்டாவது லூப். காலையிலேயே பத்து முறை திறந்து மூடினால் பத்து லூப்கள், நாளொன்றுக்கு 1,72,800 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் வெறும் 2 கேபி நினைவகத்தைத் திருப்பித் தராமல் விட்டால்கூட அன்றைய இழப்பு 345 எம்பியை எட்டும். மலிவான செல்பேசியில் ஒரு செயலி சாக அதுவே போதும்.

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். சாவி மட்டும் இன்னொருவர் கையில் இருக்கிறது. வீடு காலிதான், ஆனாலும் அடுத்தவருக்கு வாடகைக்கு விட முடியாது. நினைவக மேலாண்மையின் சட்டமும் இவ்வளவுதான். ஒரு பொருளை யாராவது ஒருவர் பிடித்திருக்கும்வரை அதன் இடம் திரும்பி வராது.

ஐஃபோன் நிரல்களில் 2011 முதல் ஏஆர்சி என்ற முறை இந்தப் பிடிகளை எண்ணுகிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் அழியும். பழைய பாணியில் பின்னர் இயங்கவேண்டிய ஒரு துண்டு நிரலுக்குள் தன் பொருளைக் குறிப்பிட்டால், 'செல்ஃப்' என்று வெளிப்படையாக எழுதும்படி கம்பைலர் கேட்கும். எழுதும் அந்தக் கணத்தில் 'இதை நான் பிடித்து வைக்கிறேனே' என்ற நினைப்பு வரும். 2021-இல் வந்த 'டாஸ்க்' அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஒரு டாஸ்க் ஓடி முடிந்ததும் பிடியும் விலகிவிடும், நிரந்தரச் சிக்கல் வராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முடிகிற வேலைக்கு அது சரியான காரணம்தான். அறிவிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் 'ஃபார் அவெயிட்' லூப் முடிகிற வேலையல்ல. அறிவிப்பு மையம் தரும் வரிசைக்குக் கடைசி என்று ஒன்று கிடையாது. லூப் முடியாததால் டாஸ்க் முடியாது, டாஸ்க் முடியாததால் பிடி விலகாது, பிடி விலகாததால் திரையின் பொருள் அழியாது. லூப்பை நிறுத்தும் கட்டளையை அந்தப் பொருள் அழியும் இடத்தில்தான் பலர் எழுதிவைக்கிறார்கள். அந்த இடத்துக்கு நிரல் வந்து சேர்வதே இல்லை.

எண்ணிக்கையில் சேராத பலவீனப் பிடியான 'வீக் செல்ஃப்' போட்டால் தீரும் என்பது பரவலான நம்பிக்கை. எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. லூப்புக்கு வெளியே, தொடக்கத்திலேயே பலவீனப் பிடியை உறுதிப் பிடியாக மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால், லூப் ஓடும் காலம் முழுக்க உறுதிப் பிடிதான். அந்தச் சரிபார்ப்பு லூப்புக்குள் வரவேண்டும்: ஒவ்வொரு சுற்றிலும் 'பொருள் இன்னும் இருக்கிறதா' என்று கேட்டு, இல்லையென்றால் வெளியேற வேண்டும். ஒரே வரிதான். இடம் மாறினால் பயனும் மாறிவிடும்.

ஆண்ட்ராய்டிலும் ஃப்ளட்டரிலும் யாரும் பிடித்திராத பொருள்களைத் தானே அகற்றும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2005-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு நடத்திய ஓட்டுநரில்லா வண்டிப் பந்தயத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டி பத்து மைல் தாண்டும் முன்பே நின்றது. நிரல் கார்பேஜ் கலெக்டர் உள்ள சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டிருந்தது. கடந்து வந்த தடைகளின் பட்டியலை அவர்கள் ஒழுங்காக நீக்கினார்கள். ஆனால் அந்தத் தடைப் பொருள்கள் ஒரு நிகழ்வறிவிப்பில் பதிவாகியே கிடந்தன. பிடி இருந்ததால் கலெக்டர் அவற்றைத் தொடவில்லை. குப்பை எது என்று கலெக்டருக்குத் தெரியும். தேவையில்லாதது எது என்று தெரியாது. ஃப்ளட்டரில் 'டிஸ்போஸ்' பகுதியில் ரத்து செய்யாமல் விட்ட டைமரும் ஸ்ட்ரீம் சந்தாவும் இதே வகைதான். டார்ட்டின் 'அவெயிட் ஃபார்' லூப்பை வெளியிலிருந்து ரத்து செய்ய வழியே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

நிறுத்தச் சொன்னாலும் நிற்காது

கோரூட்டினையும் டாஸ்க்கையும் ரத்து செய்யலாம். ஆனால் ரத்து என்பது ஒரு கோரிக்கைதான். ஓடுகிற நிரல் அதைக் கவனித்துத் தானாக நிற்க வேண்டும். கவனிக்காவிட்டால் நிலைமை முன்னிலும் மோசமாகும்.

'ஐந்து நொடி தூங்கு, பிறகு கேள்' என்று சுற்றும் லூப்பை ரத்து செய்தால், அதன் தூக்கம் உடனே கலைந்து ஒரு பிழையை எறியும். ஸ்விஃப்டில் பலர் அந்தப் பிழையை 'டிரை'யோடு ஒரு கேள்விக்குறி போட்டு விழுங்கிவிடுகிறார்கள். கோட்லினில் எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் பொதுவான 'கேட்ச்' அதே வேலையைச் செய்கிறது. பிழை விழுங்கப்பட்டதால் லூப் அடுத்த சுற்றுக்குப் போகிறது. இப்போது தூக்கம் ஒரு நொடிகூட நீடிக்காது, ஏனென்றால் ரத்து ஏற்கனவே நடந்துவிட்டது. ஐந்து நொடிக்கு ஒரு முறை சுற்றியது இப்போது இடைவெளியே இல்லாமல் சுற்றும். செல்பேசி சூடாகும், பேட்டரி இறங்கும், சர்வருக்குக் கோரிக்கைகளும் குவியலாம். நிறுத்துவதற்காக எழுதிய வரியே லூப்பை வெறிகொண்டு ஓடவிடுகிறது.

இன்னொரு நினைவகக் கசிவு, வருகிற தகவலைத் தேக்கி வைக்கும் இடத்தில் நிகழ்கிறது. ஸ்விஃப்டின் அசிங்க்ஸ்ட்ரீம், வேறொன்றும் சொல்லாவிட்டால், எல்லையில்லாமல் தேக்கும். உணரி நொடிக்குப் பல அளவுகளை அனுப்புகிறது, பெறுகிற பக்கம் ஒவ்வொன்றையும் இணையத்தில் ஏற்றிய பிறகே அடுத்ததை எடுக்கிறது, நடுவில் சிக்னல் போகிறது. தேக்கம் வளர்கிறது. நகரத்து வைஃபையில் இந்தத் தேக்கம் ஒருபோதும் தெரியாது.

வராத பதிலுக்காகக் காத்திருந்தது

சிக்னல் இல்லாத இடத்தில் முயன்றுகொண்டே இருக்கும் லூப் என்ன செய்யும் என்பதற்கு மலைக்காட்டிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா தரவு மையங்களில் சேமிப்புச் சேவை ஒன்று தடுமாறியது. ரெடிட், ஃபோர்ஸ்கொயர் போன்ற தளங்கள் முடங்கின. பின்னர் அமேசான் வெளியிட்ட விளக்கத்தில் காரணத்தின் சங்கிலி முழுவதும் இருந்தது.

சேமிப்பு சர்வர்கள் தங்கள் நிலவரத்தை ஒரு தகவல்சேகரிப்பு சர்வருக்கு அனுப்பிவந்தன. அந்தச் சேகரிப்பு சர்வர் பழுதானது, புதியதை வைத்தார்கள். புதிய முகவரி சில சேமிப்பு சர்வர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவை பழைய முகவரியையே விடாமல் முயன்றன. நிலவரம் அனுப்பும் நிரலில், தொடர்பு தோற்கும்போதெல்லாம் கொஞ்சம் நினைவகத்தைத் திருப்பித் தராத ஒரு பிழை மறைந்திருந்தது. தொடர்பு கிடைத்துக்கொண்டிருந்த நாள்களில் அது வெளிப்படவே இல்லை. கிடைக்காமல் போனதும் நினைவகம் மெல்லத் தீர்ந்தது; கடைசியில் சேமிப்பு என்ற முதன்மை வேலைக்கே இடமில்லாமல் போனது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தவறு நடந்தது தோல்விப் பாதையில். வெற்றிப் பாதையை ஆயிரம் முறை சோதித்தாலும் அது அகப்பட்டிருக்காது. அடுத்தது, வீழ்ந்தது முதன்மை வேலை. வீழ்த்தியது தவறினாலும் பரவாயில்லை என்று கருதப்பட்ட பக்கவேலை. இன்றைய செல்பேசிச் செயலிகளில் அப்படிப்பட்ட பக்கவேலைகள் நிறைய: பயன்பாட்டுக் கணக்கு அனுப்புவது, இருப்பிடம் அனுப்புவது, விளம்பரம் கொண்டுவருவது. வருகைப் படம் ஏறாமல் போவதற்கு வருகைப் பதிவு நிரலில்தான் பிழை இருக்க வேண்டும் என்றில்லை.

ஏன் கண்ணில் படவில்லை?

நினைவகம் நெருக்கடியானால் ஐஃபோனில் ஜெட்சம், ஆண்ட்ராய்டில் எல்எம்கேடி என்ற காவல் நிரல்கள் செயலியைக் கொன்றுவிடும். இது வழக்கமான கிராஷ் அல்ல என்பதால் பல கிராஷ் அறிக்கைகளில் ஏறுவதில்லை. பயன்படுத்துபவர் பார்ப்பது ஒன்றுதான்: செயலி திடீரென முதல் திரைக்குப் போய்விட்டது, பாதி நிரப்பிய படிவத்தைக் காணோம். 'நெட் சரியில்லை' என்று அவரே காரணமும் சொல்லிக்கொள்வார்.

கசிவைத் தேடும் கருவிகளும் இங்கே ஏமாற்றும். ஐஃபோன் செயலிகள் எழுதப் பயன்படும் எக்ஸ்கோடின் லீக்ஸ் கருவி, யாருமே எட்ட முடியாமல் தொலைந்த நினைவகத்தைக் கண்டுபிடிக்கும். ஓடுகிற லூப் பிடித்திருக்கும் பொருளோ எட்டக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. கருவி 'கசிவு இல்லை' என்று சொல்லும். நினைவக வரைபடம் ஏறிக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டில் ஸ்கொயர் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட லீக்கெனரி, அழிந்திருக்க வேண்டிய திரை இன்னும் இருக்கிறதா என்றே கேட்பதால் இந்த வகைக்கு அதிகம் உதவும்.

சோதிக்காத மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை சான்று. அழைப்புகளைக் கணினி வழி ஒதுக்கும் முறை அங்கே 1992 அக்டோபர் 26 அன்று தொடங்கி, தொடக்கத்திலேயே குழம்பியது. பாதி கைவேலைக்குத் திரும்பிச் சமாளித்துவந்த நிலையில், நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குப் பிறகு முழுவதும் உறைந்தது. மறுதொடக்கம் பலிக்கவில்லை, மாற்று சர்வரும் கைகொடுக்கவில்லை, காகிதத்துக்கே திரும்பினார்கள். விசாரணை அறிக்கை சொன்ன காரணம்: சுமார் மூன்று வாரத்துக்கு முன் நிரலாளர் ஒருவர் கவனக்குறைவாக விட்டுச்சென்ற ஒரு சிறு துண்டு நிரல். ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் அது சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் எடுத்துத் திருப்பித் தரவில்லை. நிரல் மாற்றங்களைச் சரிபார்க்கும் ஏற்பாடு சரியாக இல்லை என்பதையும் அறிக்கை சேர்த்தே சொன்னது.

மறுதொடக்கம் மருந்தல்ல

'அவ்வப்போது மூடித் திறங்கள்' என்பது எல்லா உதவி மையங்களும் தரும் அறிவுரை. 1991 வளைகுடாப் போரில் பேட்ரியாட் ஏவுகணைக் கருவிக்கும் அதே அறிவுரை போனது. அங்கே பிழை நினைவகத்தில் அல்ல, நேரக் கணக்கில். ஓட ஓட அது வளர்ந்தது. மிக நீண்ட நேரம் தொடர்ந்து இயக்கினால் குறி பிசகும் என்று பிப்ரவரி 21 அன்று எச்சரிக்கை அனுப்பினார்கள். எவ்வளவு நேரம் மிக நீண்ட நேரம் என்று அதில் இல்லை. 25-ஆம் தேதி சவூதியின் தஹ்ரானில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த கருவி ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். திருத்திய நிரல் அங்கே வந்துசேர்ந்தது மறுநாள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அளந்து சொல்லாத எச்சரிக்கையால் களத்தில் இருப்பவருக்குப் பயனில்லை.

செய்ய வேண்டியவை

நிரல் எழுதுபவருக்கு: ஒவ்வொரு லூப்புக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும்; உரிமையாளர் போகும்போது லூப்பும் போக வேண்டும். அதற்கான கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. ஸ்விஃப்ட்யூஐயின் 'டாஸ்க்' மாடிஃபையர் திரை மறைந்ததும் வேலையை ரத்து செய்கிறது. ஆண்ட்ராய்டின் ரிபீட்-ஆன்-லைஃப்சைக்கிளும் அதையே செய்கிறது; வியூமாடல்ஸ்கோப் திரையின் வியூமாடல் அழியும்போது வேலையை ரத்து செய்கிறது. உரிமையாளரே இல்லாத குளோபல்ஸ்கோப்பைத் தொட வேண்டாம். ரத்துப் பிழையை விழுங்க வேண்டாம். கோட்லினில் அது பிடிபட்டால் மறுபடி எறியுங்கள். தேக்கத்துக்கு எல்லை வையுங்கள்: வெப்பநிலைக்குக் கடைசி அளவு ஒன்றே போதும்.

பதிவேற்றத்தைச் சொந்த லூப்பில் சுற்றவிடுவதைவிட இயங்குதளத்திடம் ஒப்படைப்பது நல்லது. ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜர் இணையம் வந்த பிறகே வேலையைத் தொடங்கும்படி நிபந்தனை ஏற்கும். தோற்றால் 30 நொடியில் தொடங்கி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே ஐந்து மணி நேரம் வரை போகும். இயங்குதளங்களும் நிற்காத நிரல்களிடம் ஆண்டுக்காண்டு கண்டிப்பைக் கூட்டிவருகின்றன. 2015-இல் ஆண்ட்ராய்டு 6, செல்பேசி சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளை ஒத்திப்போடும் டோஸ் நிலையைக் கொண்டுவந்தது. 2017-இல் 8-ஆம் பதிப்பு பின்னணிச் சேவைகளுக்கு வரம்பு வைத்தது. 2024-இல் 15-ஆம் பதிப்பு தரவு ஒத்திசைவுக்கான முன்னணிச் சேவைகளையும் 24 மணி நேரத்தில் 6 மணி நேரத்தோடு நிறுத்தியது.

செயலி ஏன் செத்தது என்பதை இப்போது செயலியே அறியலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் வெளியேறிய காரணத்தைக் கேட்டுப் பெற முடியும். ஐஓஎஸ் 14 முதல் மெட்ரிக்கிட் அந்தக் கணக்கைத் தருகிறது. அதைச் சேகரிக்காத செயலி தன் மரணத்தையே பதிவு செய்யாத செயலி.

செயலியை வாங்கும் பஞ்சாயத்து, கூட்டுறவு, தோட்ட நிர்வாகம் ஆகியோருக்கு நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் நான்கு சோதனைகளை எழுதினால் போதும். களத்தில் புழங்கும் அதே விலையிலுள்ள செல்பேசியில் 24 மணி நேரம் தொடர்ந்து ஓடவேண்டும். அந்த நேரத்தில் இணையத்தை அடிக்கடி அறுத்து இணைக்க வேண்டும். இடையில் சில மணி நேரம் முழுவதும் அறுத்தே வைக்க வேண்டும். முக்கியமான திரையை ஐம்பது முறை திறந்து மூடி, முன்னும் பின்னும் நினைவக அளவை ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இவை நான்கையும் மறுபடி செய்ய வேண்டும். லண்டனில் நவம்பர் 4 அன்று வினையானது, சரிபார்க்காமல் விடப்பட்ட ஒரு சிறு மாற்றம்.

இந்தச் சோதனைகளை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டாலும் அவை நடக்கத்தான் போகின்றன. அப்போது சோதிப்பவர் வேலையிடத்தில் நிற்கும் மேட். செலவாவது தொழிலாளியின் ஒரு நாள் கூலி.